வலி ஊசியும் பெரியம்மாவின் கையும்

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்துவிட்டு பேங்கில் ஆணி பிடுங்கும் ஆசாமி. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக முடிவெடுக்க வேண்டாம். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

போன வாரம் வியாழக்கிழமை மதியம். லோன் ஃபைல் ஒன்றை மூடிவிட்டு தயிர்சாத டப்பாவைத் திறக்கிறேன், தம்பியிடமிருந்து போன். அவன் பிராம்ப்டனில் இருக்கிறான், நான் மிசிசாகாவில். நடுவில் அரை மணி நேர டிரைவ். ஆனாலும் அவன் வேலை நேரத்தில் கூப்பிட்டால் எனக்கு வயிறு கலங்கும்.

"அக்கா, இவ மாட்டேங்கறா."

தம்பி மனைவிக்கு 41 வாரம் முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. வலி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை அட்மிட் ஆகுங்கள், மருந்து கொடுத்து வலி வரவழைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவளோ, தானாக வரட்டும், ஊசி மட்டும் வேண்டாம் என்று அழுகிறாள்.

"ஏன் வேண்டாமாம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான். "உனக்கு நடந்ததுதான் காரணம்னு சொல்றா."

தயிர்சாதம் அப்படியே இருந்தது.

என் முதல் பிரசவக் கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கல்யாணம், வளைகாப்பு, யார் வீட்டுப் புண்ணியாகவாசனம் என்றாலும் நாலு பெண்கள் சேர்ந்தால் அதை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மசாலா சேரும். "ஊசியப் போட்டு என்னையும் கொழந்தையையும் கொல்லப் பாத்தா" என்று முடிப்பேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக, கல்யாணமாகி வந்த புதிதில், இந்தப் பெண்ணும் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

சரி, கொசுவர்த்தியைச் சுற்றுகிறேன். இந்தத் தடவை மசாலா இல்லாமல்.

2005, ஸ்ரீவராகம். திருவனந்தபுரம் தெரியாதவர்களுக்கு: கோட்டைக்குப் பக்கத்தில், லக்ஷ்மிவராக மூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி இருக்கும் பகுதி. நாங்கள் பாண்டிக்காரர்கள் என்று மலையாளிகளும், மலையாளத்தான்கள் என்று திருநெல்வேலிச் சொந்தக்காரர்களும் சொல்லும் இரண்டுங்கெட்டான் கூட்டம். வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் அதில் பாதி "அது பின்னே" "எந்தா" என்று ஓடும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் ஏழாம் மாதமே சென்னையிலிருந்து வந்துவிட்டேன். ரங்கமணி அப்போது துபாயில் வேலை தேடிக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. 38 வாரம். எந்தக் கோளாறும் கிடையாது. பிரஷர் இல்லை, சுகர் இல்லை, தண்ணீர் குறையவில்லை. டாக்டரம்மா நல்லவர்தான், பொய் சொல்லக்கூடாது. ஓணம் வருகிறது, ஸ்டாஃப் எல்லாம் லீவில் போய்விடுவார்கள், அதற்கு முன்னால் முடித்துவிடலாமே என்றார். எங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் பட்டது. அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி நட்சத்திரம் கூடப் பார்த்துவிட்டார். ஆக, நாங்களும் கூட்டு. கதை சொல்லும்போது இந்த வரியை நான் எப்போதும் விட்டுவிடுவேன்.

சாயங்காலம் டிரிப் போட்டார்கள். கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் குழாய், நடுவில் விரலால் உருட்டும் ஒரு சின்னச் சக்கரம். குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது, ஆனால் என்னோடு அல்ல, பக்கத்து அறையில். இரண்டு மணிக்கூறுக்கு ஒருதரம் வந்து பார்ப்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வலி பிடித்தது. பத்தரைக்கு நைட் டியூட்டி சிஸ்டர் வந்து, முன்னேற்றம் இல்லை என்று சொல்லி சக்கரத்தை உருட்டி வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார். பதினொன்றுக்கு மறுபடி.

அதற்குப் பிறகு வந்தது வலி இல்லை. வலி என்றால் வரும், போகும். இது வந்தது, போகவே இல்லை. அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு, "அப்படித்தான்டி இருக்கும், பொறுத்துக்கோ" என்றாள். நானும் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன். முதல் பிரசவம், எனக்கு எப்படித் தெரியும்?

பெரியம்மா துணைக்கு வந்திருந்தாள். தைக்காடு பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். மேரி புன்னன் லூக்கோஸ் 1916-ல் பொறுப்பேற்று, ஊர் மருத்துவச்சிகளின் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி தொடங்கினாரே, அதே ஆஸ்பத்திரி. பெரியம்மா பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. பெரிய நர்ஸம்மாக்கள் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவள். அவள் எதுவும் பேசாமல் என் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"வயறு அயயலே" என்றாள். அயர்வது என்றால் எங்கள் பாஷையில் தளர்வது. அடுத்த நொடி எழுந்து அந்தச் சக்கரத்தை ஒரேயடியாக மூடிவிட்டாள். என்னை இடது பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தாள். அப்புறம்தான் சிஸ்டரைக் கூப்பிடப் போனாள். சிஸ்டர் வந்து, யாரைக் கேட்டு டிரிப்பை நிறுத்தினீர்கள் என்று மலையாளத்தில் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. பெரியம்மா பதிலுக்குக் கத்தவில்லை. "ஹார்ட் பீட் நோக்கு மோளே" என்றாள், அவ்வளவுதான். பார்த்தார்கள். சிஸ்டரின் முகம் மாறியது. டாக்டர் ஓடி வந்தார்.

வேக்கும் போட்டு எடுத்தார்கள். பையன் உடனே அழவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. மூன்று நாள் நர்சரியில் இருந்தான். இப்போது ஆறடி, வாட்டர்லூவில் படிக்கிறான், துணி துவைக்க மட்டும் வீட்டுக்கு வருகிறான். கவலைப்பட வேண்டாம் :-)

கதையை நான் எப்போதும் இங்கேதான் நிறுத்துவேன். ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. நஞ்சுக்கொடி வந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. படுக்கை நனைந்து, கட்டிலுக்குக் கீழே சொட்டுகிற சத்தம் கேட்டது. டாக்டர் வயிற்றை மேலிருந்து அழுத்திப் பிசைந்துகொண்டே, அதே மருந்தை, அதே ஆக்ஸிடோசினைத்தான், வேகமாக ஏற்றச் சொன்னார். கூடவே மெதர்ஜின் ஊசி ஒன்று. கொஞ்ச நேரத்தில் நின்றது. அந்த ராத்திரி என் பையன் மூச்சுக்குத் திணறக் காரணமான மருந்தேதான் ஒரு மணி நேரம் கழித்து என்னைப் பிழைக்க வைத்தது. இருபது வருஷமாக முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வியாழன் ராத்திரி, தம்பி வீட்டுக்குப் போவதற்கு முன், உட்கார்ந்து படித்தேன். லோன் ஃபைலைப் படிப்பதுபோல, பேனாவும் பேப்பருமாக.

கர்ப்பப்பை என்பது தசைப் பை. அந்தத் தசைநார்களின் ஊடாகத்தான் ரத்தக்குழாய்கள் நஞ்சுக்கொடிக்குப் போகின்றன. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலே ரத்தம் அந்த வழியில் ஓடுகிறது. தசை சுருங்கும்போது குழாய்கள் நெரிபடும், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். தளரும்போது மறுபடி ஓடும். குழந்தை அந்த இடைவெளியில்தான் மூச்சு வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து சுருக்கத்துக்கு மேல் போனால் அளவு மீறிவிட்டது என்று கணக்கு. எனக்கு இடைவெளியே இல்லாமல் போயிற்று. பெரியம்மாவின் கை கண்டுபிடித்தது அதைத்தான்.

குழந்தை வெளியே வந்துவிட்டால் அதே நெரிப்பு வரமாகிவிடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். தசை கல் மாதிரி சுருங்கினால்தான் அவை மூடும். சுருங்காவிட்டால் நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற கணக்கைத் திரும்பிப் பாருங்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், பிரசவமான ஒவ்வொரு பெண்ணுக்கும் குழந்தை பிறந்த கையோடு 10 யூனிட் ஆக்ஸிடோசின் கொடுக்கச் சொல்கிறது. நீண்ட நேரம் இந்த டிரிப் ஓடியிருந்தால் கர்ப்பப்பை களைத்துப்போய், பிறகு மருந்துக்குச் சரியாக மசியாமலும் போகலாமாம். எனக்கு மெதர்ஜினும் தேவைப்பட்டது ஏன் என்று ஓரளவு அப்போதுதான் விளங்கியது.

இனி அளவு. இங்கேதான் என் பி.காம் மூளைக்கு வேலை வந்தது. வலி வரவழைக்கும்போது நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ மில்லியூனிட்டில் ஆரம்பித்து, அரை மணிக்கு ஒருதரம் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். மில்லியூனிட் என்றால் ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 500 மில்லி பாட்டிலில் 5 யூனிட் கலந்தால் ஒரு மில்லியில் 10 மில்லியூனிட். இருபது சொட்டுக்கு ஒரு மில்லி. ஆக நிமிடத்துக்கு 4 சொட்டு விழுந்தால் 2 மில்லியூனிட். 40 சொட்டு விழுந்தால் 20. நாலுக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருப்பது விரலால் உருட்டும் ஒரு பிளாஸ்டிக் சக்கரம்! பேங்கில் ஐயாயிரம் டாலர் பரிமாற்றத்துக்குக்கூட ஒருவர் என்ட்ரி போட வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மேக்கர், செக்கர் என்போம். என் ராத்திரியில் மேக்கர் இருந்தார், செக்கர் பெரியம்மா.

பிறந்த பிறகு கொடுக்கும் 10 யூனிட் என்பது பத்தாயிரம் மில்லியூனிட். ஒரே ஊசியில், தொடையில். அப்போது அதனால் மூச்சு முட்டுவதற்கு உள்ளே யாரும் இல்லை.

இதே ஊசியை குழந்தை உள்ளே இருக்கும்போதே தசையில் போட்டால்? டிரிப்பாக இருந்தால் நிறுத்தின சில நிமிடங்களில் ரத்தத்தில் மருந்து பாதியாகிவிடும். பெரியம்மா மூடியது பலித்ததற்குக் காரணம் அதுதான். தசையில் ஏறினது ஏறினதுதான், திரும்ப எடுக்க முடியாது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் வீட்டுப் பிரசவங்களில் இப்படி ஊசி போடும் வழக்கத்தைப் பற்றி பாட்ரிஷியா ஜெஃப்ரியும் கூட இருந்தவர்களும் 2007-ல் எழுதியிருக்கிறார்கள். போடுகிறவர் முறையாகப் படித்தவரும் இல்லை, போட்டபின் கூட உட்கார்ந்து பார்ப்பவரும் இல்லை.

இதை வடநாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சிசிலியா வான் ஹாலன் என்ற மானுடவியல்காரர் 1990-களின் நடுவில் சென்னையிலும் பக்கத்துக் கிராமங்களிலும் தங்கி, ஏழைப் பெண்களின் பிரசவத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 2003-ல் வந்தது. அதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம்: வலி ஊசியை டாக்டர்கள் திணித்தது மட்டும் இல்லை, பெண்களே கேட்டு வாங்கினார்கள். வலி கூடினால் சக்தி கூடும், சீக்கிரம் பிறக்கும், நல்லது என்று. வலியைக் குறைக்கும் மருந்து கேட்பாரில்லை, வலியைக் கூட்டும் மருந்துக்குத்தான் கிராக்கி.

யோசித்துப் பார்த்தால் நம் வீட்டுச் சமையலறையிலேயே அது இருக்கிறது. வலி மாதிரி இருந்தால் அம்மா சீரகக் கஷாயம் வைப்பாள். பொய் வலியானால் அடங்கிவிடும், நிஜ வலியானால் கூடும் என்பாள். கணக்குத் தீர்க்க நல்ல வழி, இரண்டில் எது நடந்தாலும் கஷாயம் ஜெயிக்கும்! விளக்கெண்ணெயும் உண்டு. அதைப் பற்றி ஒரு ஆச்சரியம்: விளக்கெண்ணெயில் இருக்கும் ரிசினோலிக் அமிலம் குடலையும் கர்ப்பப்பையையும் ஒரே பூட்டின் வழியாகத்தான் தட்டி எழுப்புகிறது என்று 2012-ல் எலிகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பாட்டி சொன்னது கட்டுக்கதை இல்லை. ஆனால் வேலை செய்யும் என்பது நிரூபணமானால் அளவில்லாமல் குடிக்கக்கூடாது என்பதும் கூடவே நிரூபணமாகிறது. பப்பாளியும் இப்படித்தான். காயில் இருக்கும் பால் எலியின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது, நன்றாகப் பழுத்ததில் அந்தத் தொந்தரவு தெரியவில்லை. காயையும் பழத்தையும் சேர்த்துத் தள்ளிவைத்தது நம் பாட்டிகளின் ஓவர் செக்கிங்.

எனக்குப் போட்ட மெதர்ஜினின் பூர்வீகமும் சுவாரஸ்யம். ரை என்ற தானியத்தில் பிடிக்கும் கருப்புப் பூஞ்சை எர்காட். ஐரோப்பிய மருத்துவச்சிகள் பிரசவத்துக்கு அதைக் கொடுத்து வந்தார்கள். 1808-ல் ஜான் ஸ்டெர்ன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர், அதைக் கொடுத்தால் பிரசவம் சட்டென்று முடிகிறது என்று ஒரு கடிதம் எழுத, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசையாகக் குழந்தைகள் இறந்து பிறக்க ஆரம்பித்தன. 1820-களில் நியூயார்க்கில் டேவிட் ஹோசக் என்பவர், இதைப் பிரசவப் பொடி என்று சொல்லாதீர்கள், மரணப் பொடி என்று சொல்லுங்கள், குழந்தை பிறந்த பிறகு ரத்தத்தை நிறுத்த மட்டும் பயன்படுத்துங்கள் என்று எச்சரித்தார். ஆக்ஸிடோசினின் வேலையை ஹென்றி டேல் 1906-ல் பூனைகளில் கண்டார். வின்சென்ட் டு வின்யோ அதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டி 1955-ல் நோபல் வாங்கினார். ஹோசக் இருநூறு வருஷத்துக்கு முன் சொன்ன அதே விஷயம்தான் 2005-ல் என் கட்டிலில் நடந்திருக்கிறது, மருந்துதான் வேறு.

அப்படியானால் இந்த மருந்தே வேண்டாம் என்று தடை செய்துவிடலாமா? அதையும் செய்து பார்த்துவிட்டோம். மாட்டுக்குப் போட்டுப் பால் கறக்கிறார்கள் என்று சொல்லி, 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு கொண்டுவந்தது. தனியார் கம்பெனிகள் ஆக்ஸிடோசின் தயாரித்து உள்நாட்டில் விற்கக்கூடாது, கர்நாடகாவில் இருக்கும் ஒரே ஒரு பொதுத்துறை கம்பெனிதான் தயாரிக்கலாம் என்று. இத்தனை கோடி பிரசவங்களுக்கு ஒரே ஒரு ஃபேக்டரி! அகில இந்திய மருந்து நடவடிக்கைக் கூட்டமைப்பும் மருந்துக் கம்பெனிகளும் கோர்ட்டுக்குப் போயின. அந்த வருஷம் டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. மாட்டுக்காரனைப் பிடிக்க முடியாமல் பிரசவ அறையைப் பூட்டப் பார்த்த கதை என்றுதான் எனக்குப் படுகிறது.

கேரளாவில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் யாரையும் தண்டிக்காமல், பெயர் சொல்லாமல், என்ன நடந்தது என்று டாக்டர்களே கூடி அலசும் முறையை அங்கே மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004-ல் ஆரம்பித்தது. திருச்சூர் டாக்டர் வி.பி. பெய்லி அதில் முக்கியமானவர். பெண்களைக் கொல்வதில் ரத்தப்போக்குதான் முன்னால் நின்றது என்று அதில் தெரியவந்தது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் மரணம் கேரளாவில் 19, தமிழ்நாட்டில் 54, நாடு முழுக்க 97. அந்த 19-க்குள் நான் வராமல் போனதுபோல, 2005-ன் கணக்கிலும் வராமல் போனேன். மருந்து அலமாரியில் ஆக்ஸிடோசின் இருந்ததால்.

(அலமாரி என்று எழுதிவிட்டேன், உண்மையில் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி. வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும்.)

ராத்திரி ஒன்பது மணிக்கு தம்பி வீட்டுக்குப் போனேன். அவள் சோபாவில், காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வீங்கின கண்ணோடு இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஒனக்குச் சொன்ன கதை பாதிதான்" என்று ஆரம்பித்தேன். ஓணம் லீவைச் சொன்னேன். அப்பா பஞ்சாங்கம் பார்த்ததைச் சொன்னேன். ரத்தம் சொட்டின சத்தத்தைச் சொன்னேன், அதை அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அவள் கேட்ட கேள்வி நியாயமானது. "அப்ப ஒங்களுக்கு அவசியமே இல்லாம போட்டாங்க, எனக்கு மட்டும் அவசியமா அக்கா?"

ஸ்வீடனில் 2019-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொன்னேன். 41 வாரத்தில் வலி வரவழைப்பதா, 42 வரை காத்திருப்பதா என்று 2,760 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம், காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன, வரவழைத்த பிரிவில் ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. பயந்த பெண்ணை இன்னொரு பயத்தைக் காட்டித் திருப்புகிறேனோ என்று இருந்தது. ஆனால் எண்களை மறைத்துப் பேச எனக்கு வராது.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து, காலையில் கேட்க வேண்டியதைப் பேப்பரில் எழுதினோம். முதலில் கர்ப்பப்பை வாயை எப்படி இளக்குவீர்கள், ஜெல்லா பலூனா? டிரிப்பைப் பம்பில் வைப்பீர்களா, கையால் உருட்டும் சக்கரமா? அது ஓடும்போது குழந்தையின் துடிப்பை விடாமல் பார்ப்பீர்களா? வலி விட்டு விட்டு வராவிட்டால் டிரிப்பை நிறுத்துவது யார் கையில், நர்ஸே நிறுத்தலாமா, டாக்டருக்குக் காத்திருக்க வேண்டுமா? முன்னால் சிசேரியன் ஆகியிருந்தால் இன்னொரு கேள்வி பெரிதாக இருந்திருக்கும், பழைய தையல் இந்த மருந்துகளால் பிரியும் அபாயம் உண்டு. இவளுக்கு அது இல்லை. கடைசிக் கேள்வியை அவளே எழுதினாள்: "பக்கத்துல யாரு இருப்பா?"

வெள்ளிக்கிழமை பிராஞ்சில் ஆடிட். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிடத்துக்கு ஒருதரம் நிமிர்த்திப் பார்த்தேன். பதினோரு மணிக்கு தம்பியிடமிருந்து மெசேஜ், பலூன் வைத்திருக்கிறார்கள் என்று. சாயங்காலம் ஆறு மணிக்கு அவளே எழுதியிருந்தாள்: "டிரிப் ஆரம்பிச்சாச்சு அக்கா. பம்ப்தான். மானிட்டர் கட்டியிருக்கா. நர்ஸ் பிலிப்பினோ, மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே வயித்துல கைய வச்சுப் பாக்கறா. ஒங்க பெரியம்மா மாதிரி." ஒன்பது மணிக்கு வலி நெருங்கி நெருங்கி வந்திருக்கிறது. அந்த நர்ஸ் யாரையும் கேட்காமல் பம்பைக் குறைத்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி கூட்டினாராம்.

சனிக்கிழமை விடிகாலை மூன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை. கத்தின கத்தலை தம்பி ரெக்கார்ட் செய்து அனுப்பினான். நான் படுக்கையில் உட்கார்ந்து நாலு தடவை போட்டுக் கேட்டேன். ரங்கமணி தூக்கக் கலக்கத்தில், "யாரு கொழந்தை, நம்மதா?" என்றார்.

ஸ்ரீவராகத்தில் அப்போது மதியம். அம்மாவைக் கூப்பிட்டேன். பெரியம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, இல்லாவிட்டால் முதல் போன் அவளுக்குத்தான். அம்மா எடுத்ததும் கேட்டது, "ஊசி போட்டாளா?"

"போட்டாம்மா. டிரிப்புல போட்டா. கொழந்தை பொறந்த ஒடனே தொடைலயும் ஒண்ணு போட்டா."

"ரெண்டா?"

"ரெண்டும் ஒரே மருந்துதாம்மா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. மீன்காரி தெருவில் கூவிக்கொண்டு போவது கேட்டது. பிறகு அம்மா, "அன்னிக்கு நான் பொறுத்துக்கோன்னு சொன்னேனேடி" என்றாள்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்" என்றேன்.

"பேர் யோசிச்சாளா?" என்று அம்மா பேச்சை மாற்றினாள். யோசித்திருக்கிறார்கள், பெரியம்மா பேர்.